நாய்க்குட்டிக்கு ஒரு தடவை பூச்சி மருந்து போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தோட்டங்களில் நாய்க்குட்டிக்கு ஒரு தடவை பூச்சி மருந்து (குடற்புழு நீக்கும் மருந்து) கொடுத்துவிட்டு, வயிறு மீண்டும் ஊதிக் கழிச்சல் கண்டதும் மருந்தைக் குறைகூறுவது வழக்கமாகிவிட்டது. உருளைப்புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குத் தொற்றுகிறது. கொக்கிப்புழு பாலின் வழியாகவும் வருகிறது. மருந்து பெரும்பாலும் குடலிலுள்ள புழுக்களையே கொல்வதால், உடலுக்குள் அலையும் இளம்புழுக்கள் பின்னர் குடலை வந்தடைகின்றன. ஆகவே 2 வார வயது முதல் 8 வாரம் வரை இரு வாரத்துக்கு ஒரு முறையும், பின்னர் 6 மாதம் வரை மாதந்தோறும், நிறை பார்த்து, தாய் நாய்க்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும். அதன் பின்னும் கழிச்சல் நிற்காவிட்டால் மலப் பரிசோதனை அவசியம்; கொக்சிடியா போன்ற நுண்ணுயிர்களுக்கு வழமையான பூச்சி மருந்து பயன்தராது.

லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) வாசலின் ஈரமண்ணில் உருளைப்புழு முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழும் என்பதும், அதே மண்ணில் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்பதுமே என் பெருங்கவலை. அரச கால்நடை வைத்தியர்கள் தோட்டங்களுக்கே வந்து மருந்து வழங்க உரியவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தோட்டவாசி ஒருவர்,
ஹட்டன்.