கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நின்ற தாதி மிஸ்ஸிக்கு

மிஸ்ஸி, இது உங்கள் கண்ணில் பட வேண்டும். காலபோக வயலுக்குள் இறங்கிப் பத்தாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் காட்டினோம். டொக்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "வைரஸ் காய்ச்சல், பனடோல் போடுங்கோ" என்று துண்டை நீட்டினார். கெண்டைக்கால் நோவைச் சொல்லவும் விடவில்லை.

மூன்றாம் தடவை, கடமை முடிந்து தோளில் பையோடு போன நீங்கள், வாங்கில் சுருண்டு கிடந்தவரின் சிவந்த கண்ணைப் பார்த்து நின்றீர்கள். குனிந்து, சேற்றுப்புண் காலைத் தொட்டு, "ஐயா, வயலுக்க இறங்கினனீங்களோ? சலம் போகுதோ?" என்று கேட்டீர்கள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. நீங்களே வேறு டொக்டரிடம் கூட்டிப்போய், இரத்தம் எடுக்கும்வரை நின்றீர்கள். எலியின் சிறுநீர் கலந்த வயல் சேற்றால் தொற்றும் எலிக்காய்ச்சல்; அது சிறுநீரகத்தில் கைவைக்கத் தொடங்கியிருந்தது. ஏ9 வீதியில் உங்கள் கடைசி பஸ்ஸும் போய்விட்டது.

பதற்றத்தில் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நன்றி மிஸ்ஸி. நேற்று அப்பா பிளேன்டீ கேட்டுக் குடித்தார்.