இன்னும் ஐஇ-லயாடான்னு (அதான், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ங்கற பழைய பிரவுசர்) சிரிச்சியே, அதுக்குத்தான் இது

தண்டையார்பேட்டை
ஞாயித்துக்கெழமை

டேய் மச்சி,

எப்டி கீற? இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் விடல, ஆனா மெட்ரோ வந்ததுலேர்ந்து விம்கோ நகர்ல இருக்கிற அக்கா வீட்டுக்கு தனியாவே போய்ட்டு வருது, வலியெல்லாம் நம்மகிட்டதான்.

போன வாரம் வீடியோ கால்ல எங்க ஆபீஸ் ஸ்க்ரீன பாத்துட்டு "இன்னும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரா, மியூசியமாடா அது"ன்னு சிரிச்ச இல்ல, அப்ப பக்கத்துல ஓனர் இருந்தாரு, பதில் சொல்ல முடியல. இப்ப கேளு.

எங்க யார்டுல வேபிரிட்ஜ் இருக்கு தெரியும்ல, ட்ரெய்லர் ஏறி நின்னா எடை நேரா ஸ்க்ரீன்ல வந்து விழணும், கிளார்க் கையால போட்டா ஆயிரம் கிலோ அப்டி இப்டி ஆய்டும், அது வேற கதை. அதுக்காக 2005ல ரெண்டு பசங்க சேந்து ஒரு சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்தாங்க. அப்ப க்ரோமே பொறக்கல, அது 2008லதான வந்துச்சு. விண்டோஸ் எக்ஸ்பி கூட வந்த ஐஇ 6 தான் எல்லா சிஸ்டத்துலயும், அதனால அதுக்குன்னே ஆக்டிவ்எக்ஸ் வச்சு எழுதிட்டாங்க. ஆக்டிவ்எக்ஸ்னா உனக்கு நான் சொல்லணுமா, வெப் பேஜே மெஷினுக்குள்ள கைய விட்டு எடை கருவிலேர்ந்து நம்பர எடுக்கும், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்ல கேட் பாஸும் அடிக்கும். அதே வழியாத்தான் வைரஸும் உள்ள வந்துச்சு, அதான் மத்த பிரவுசர்ல அத சேக்கவே இல்ல. எழுதின பசங்கள்ல ஒருத்தன் துபாய், இன்னொருத்தன் நம்பரே மாறிடுச்சு. சோர்ஸ் கோட், அதான் அவங்க எழுதின மூல புரோகிராம், யார்கிட்டயும் இல்ல.

நீ பிரவுசர மாத்துன்னு சொல்ற, எங்களுக்கு அது பிரவுசரே இல்லடா, வேபிரிட்ஜோட ஒரு பார்ட்டு.

ஒரு தடவ புதுசா சேந்த பையன் நல்லது பண்றேன்னு ஐஇ 8ல இருந்தத 11 ஆக்கிட்டான். எடை வந்துச்சு, ஆனா கேட் பாஸ்ல பிரிண்ட் அரை இஞ்ச் கீழ இறங்கி கன்டெய்னர் நம்பர் கோட்டு மேலயே விழுந்துச்சு, கேட்ல ஒத்துக்கல. வண்டிங்க மணலி ரோடு வரைக்கும் நின்னுது, டிரைவருங்க பேசின பேச்ச லெட்டர்ல எழுத முடியாது. சாயங்காலம் பழசையே போட்டோம். அன்னிலேர்ந்து மானிட்டர்ல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு, "யாரும் அப்டேட் பண்ணக் கூடாது". அப்டேட் பண்ணவன் திட்டு வாங்கினான், இத்தன வருஷமா பண்ணாத எங்கள எவனும் ஒரு வார்த்த கேட்டதில்ல. எல்லா ஆபீஸ்லயும் கத இதான்னு நெனைக்கிறேன், சோம்பேறித்தனம்னு நீ சொல்றது பாதிதான் உண்மை. தென் கொரியால ஒரு தேசமே ஆன்லைன் பேங்கிங்குக்காக வருஷக்கணக்கா ஆக்டிவ்எக்ஸ்ல மாட்டிக்கிட்டு கெடந்துச்சு, நாங்க எம்மாத்திரம்.

பயம் இல்லன்னு சொல்லல. அந்த சிஸ்டத்துல ஓடுற விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோட கைய கழுவிடுச்சு, 2022 ஜூன்ல ஐஇக்கும் மூடுவிழா நடத்திட்டான். அதனால நானே அந்த சிஸ்டத்துல நெட் வயர புடுங்கிட்டேன், சரக்கு கொண்டு போக ஆன்லைன்ல எடுக்கிற ஈ-வே பில்லெல்லாம் வேற மெஷின்ல. ஆனா ரெண்டுக்கும் நடுவுல ஒரே பென் டிரைவ் போய் வருது, நைட்டு வாட்ச்மேன் போன் சார்ஜ் போடுறதும் அந்த யூஎஸ்பிலதான், இத யார்கிட்ட சொல்லி அழ.

மைக்ரோசாஃப்டோட புது பிரவுசர் எட்ஜ்ல, பழைய ஐஇ பேஜ ஓட்டுறதுக்குன்னு ஐஇ மோட் இருக்கு, 2029 வரைக்குமாவது ஓடும்னு மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கு, அதுக்கு மாறலாம்னு ஓனர்கிட்ட சொன்னேன். ஏன்டா சொன்னோம்னு ஆய்டுச்சு. "2029ஆ? அப்ப இன்னும் டைம் கீதே"ன்னு டீ குடிக்கப் போய்ட்டாரு. லாரி டயர் வழவழன்னு ஆனா உடனே மாத்துற மனுஷன்டா அவரு, டயர் கண்ணுக்குத் தெரியுதுல்ல.

அதனால ஒண்ணு பண்ணு. பொங்கலுக்கு வரும்போது லேப்டாப் எடுத்துட்டு வா. எடை கருவி பின்னாடி ஒம்போது பின் சீரியல் வயர்தான் போகுது, போட்டோ அனுப்புறேன், அதுலேர்ந்து நம்பர மட்டும் புது பிரவுசருக்கு எடுக்க முடியுதான்னு லீவு நாள்ல யார்டு காலியா இருக்கும்போது பாத்துருவோம். பழச தொட வேணாம், அது பக்கத்துலயே ஓடட்டும். ஓனர்கிட்ட இப்ப மூச்சு விடாத. மத்தியானம் நம்ம வீட்ல காசிமேடு வஞ்சிரம்.

உன்
தண்டையார்பேட்டைக்காரன்