யாங் குவோ ஷூவைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உளவியல் என்றாலே ஃப்ராய்டோடு நின்றுவிடுகிறோம். தைவானின் யாங் குவோ ஷூவை எத்தனை பேருக்குத் தெரியும்? அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், அங்கே கற்ற அளவுகோலைத் தம் மக்கள்மேல் அப்படியே வைக்க மறுத்தார். ஒருவர் சாதிக்கத் துடிப்பது தனக்காகவா, குடும்பத்துக்காகவா என்று பிரித்துப் பார்த்தார். பெற்றோரைப் பேணும் கடமையையும் ஆய்வுப் பொருளாக்கினார். பிள்ளையின் மதிப்பெண்ணை வீடே சேர்ந்து எண்ணுகிற நமக்கும் நெருக்கமான விஷயம்தானே இது!

அப்புறம், அவர் வகுப்பறையோடு நிற்கவில்லை. ராணுவச் சட்டம் நடப்பில் இருந்தபோதே அரசியல் சீர்திருத்தம் கேட்டு எழுதினார். 1989-இல் அறிஞர்கள் சிலரோடு, அரசியல், சமூக விஷயங்களில் கருத்துச் சொல்லும் ‘செங் ஷெ’ அமைப்பைத் தொடங்கி, அதன் முதல் தலைவரானார். 2018-இல் மறைந்தார். அவரைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்