காஞ்சனபுரிக்குப் போய் வா

அன்பு மகனுக்கு,

நலம்தானே? நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய தைலம்தான் காரணமென்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். போன் பேசாததைக் கேட்க இதை எழுதவில்லை. அனுப்பியதை நீ பார்த்துவிட்டதாக நீலக் கோடு காட்டுகிறது, அது போதும். பொங்கலன்று அம்மா உனக்கும் ஓர் இலை போட்டாள், அவ்வளவுதான்.

விஷயம் தாய்லாந்துக் காஞ்சனபுரி. போன வருஷம் கூட்டாளிகளோடு போய்ப் பாலத்தின் மேல் நின்று படமெடுத்து அனுப்பினாய். நடுகல் பக்கம் போனாயா என்று கேட்டதற்கு, அடுத்த முறை என்றாய்.

வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு அங்கே ஊர் நடுவிலேயே கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய 7,000 பேர். பெரும்பாலான கல்லில் பேர் இருக்கிறது. 1942-43ல் அன்றைய சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட அந்த 415 கிலோமீட்டர் தண்டவாளத்தில் அவர்களைவிட அதிகம் செத்தது நம் மலாயாத் தோட்டத்துச் சனங்களும் மற்ற ஆசியக் கூலிகளும்தான். காலரா வந்தால் மொத்தமாக ஒரே குழி. அந்த ஊர் தவர்ன் வராராம் புத்தர் கோயிலில், 2023ல்தான் நம்மவர்களுக்கென்று நடுகல் நட்டார்கள். எண்பது வருஷம் கழித்து.

தாத்தாவும் அவர் அண்ணனும், அதாவது என் பெரியப்பாவும், ஒரே கூட்ஸ் வண்டியில் ஏறினார்கள். தாத்தா மட்டும் திரும்பினார். அவர் கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி இருக்குமே, சின்ன வயசில் நீ விரலை வைத்து அழுத்துவாய். அது புண் அழுகி, சதையைச் சுரண்டி எடுத்த இடம்.

போன மாதம் அங்கே செத்தவர்கள் பேரைச் சேகரிக்கிற ஒரு பெண் கூப்பிட்டது. "உங்க பெரியப்பா பேர் என்னங்க ஐயா?" எனக்குத் தெரியவில்லை, தம்பி. வீட்டில் எல்லாரும் 'மூத்தவர்' என்றுதான் சொல்வார்கள். பால்மரம் சீவிவிட்டு வந்து, சாயங்காலத்தில் தாத்தா வீட்டு முன் அஞ்சடியில் உட்கார்ந்து சயாம் கதையை ஆரம்பிப்பார். தினமும் இதேதானா என்று நான் எழுந்துபோய் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். ஒரு நாள் இல்லை, பல நாள். அவர் பாதியில் நிறுத்திவிட்டு வெற்றிலையை மடிப்பார். பிறகு சொல்வதையே விட்டுவிட்டார். நானும் நிம்மதி என்றுதான் இருந்தேன். அந்தப் பேர் அவரோடு போய்விட்டது. நான் போகவிட்டேன்.

நீ பாங்காக்கில் ரயில் பாதை போடுகிறாய் என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்வேன். சயாமில் தண்டவாளம் போட்டவர் பேரன், என்ஜினியர் என்று. ஆனால் கடைசியாகப் பேசியபோது, "தூக்கமே இல்லப்பா" என்றாய். நான் வேலை எப்படி என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது. ஏன் தூக்கமில்லை என்று கேட்டிருக்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி மோட்டார் சைக்கிள் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அந்தக் கல்லில் கொஞ்சம் பூ வை. பேர் சொல்ல வேண்டியதில்லை, மூத்தவர் என்றாலே போதும்.

வந்து கூப்பிடு. எந்நேரமானாலும் சரி. டிவியை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா