செயலாளர் ஆண்டறிக்கை: ரேகைச் சட்டக் கோப்புகளும் நம் விண்ணப்பமும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி பழைய அரசுக் கோப்புகளைப் பார்க்க அனுமதி வாங்குவதிலேயே போனது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சில சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தி, கைரேகையோடு பதிவு செய்யச் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டத்தைத்தான் நம் மக்கள் ரேகைச் சட்டம் என்றார்கள். 1871-இல் வந்த அந்தச் சட்டம், 1911-இல் மாற்றி எழுதப்பட்ட பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்து நின்றவர்களைப் போலீஸ் சுட்டது. இங்கே அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-இல். சட்டம் போய் இத்தனை காலம் ஆன பிறகும், நம் ஊர் ரேகைப் பதிவேட்டைக் கேட்டதற்கு ஓர் அலுவலகத்தில் "ரகசியக் கோப்பு, தர முடியாது" என்று வாய்மொழியாகவே அனுப்பிவிட்டார்கள்.

சரி என்று திரும்பிவிடவில்லை. பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். நாட்டின் பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் தவிர, 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலைத் தர வேண்டும் என்கிறது 8(3) பிரிவு. மறைக்க வேண்டியதை மட்டும் மறைத்து மீதியைத் தரலாம் என்கிறது 10-ஆம் பிரிவு. இரண்டையும் மனுவில் எழுதினோம். கடைசியில் நிபந்தனையோடு அனுமதி வந்தது: அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம், பென்சிலால் குறிப்பு எடுக்கலாம், படம் எடுக்கக் கூடாது, பெயர்களை அச்சிடக் கூடாது, குறிப்பேட்டைக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

தொட்டால் ஓரம் உதிர்கிற தாள். பெயர், தகப்பன் பெயர், ஊர், பக்கத்தில் கறுப்பு மை ரேகை. நம் உறுப்பினர் ஒருவர் தன் தாத்தாவின் ரேகையை அதில் பார்த்தார். வெகுநேரம் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

பெயர்களை அச்சிடக் கூடாது என்பது நியாயமான நிபந்தனை. பேரன் பேத்திகள் இதே ஊரில் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் குத்திய முத்திரை அவர்கள் மேல் மறுபடி விழ நாம் காரணமாகக் கூடாது. ஆனால் குறிப்பேட்டில் சில வரிகளைக் காரணம் சொல்லாமல் அடித்தார்களே, அதை ஏற்க முடியாது. அப்புறம், சொந்தத் தாத்தாவின் பக்கத்துக்கு நகல் கேட்ட குடும்பத்துக்கும் அதே நிபந்தனையா?

1993-இன் பொது ஆவணச் சட்டம், 30 ஆண்டு கடந்த, ரகசிய வகையில் சேராத ஆவணங்களை ஆய்வாளருக்குக் காட்ட வழி செய்கிறது. ஆனால் அது மத்திய அரசு, யூனியன் பிரதேச ஆவணங்களுக்கானது. மாநிலக் கோப்புகளைத் தேடுகிறவருக்கு அது உதவாது. பல்கலைக்கழகக் கடிதம் கையில் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்குச் சிரமம் இன்னும் கூடுதல்.

ஆகவே செயற்குழு சார்பில் இந்தத் தீர்மானத்தை முன்வைக்கிறேன்: நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும், மறுத்தாலும் வரியை நீக்கினாலும் காரணத்தை எழுதித் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி வேண்டும், வாரிசுகளுக்கு அவர்கள் குடும்பப் பதிவின் நகலைத் தடையின்றித் தர வேண்டும். உறுப்பினர்கள் விவாதித்து ஒப்புதல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்