வீட்டுப் பரிசோதனைத் தொழில் தொடங்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. டர்பனில் அப்பாவும் ஆயாவும் நானும் நலம். காப்பீட்டு நிறுவன வேலையை விட்டுவிட்டு, வீடு வாங்குவோருக்காக வீட்டைப் பரிசோதித்து அறிக்கை தரும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கப் போவதாக நீ சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. மாதச் சம்பளம் நின்றுவிடுமே என்று அப்பா கவலைப்படுகிறார். எனக்கு அந்தக் கவலை குறைவு. சொத்துப் பெயர்மாற்றம் செய்யும் வழக்கறிஞர் அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை கோப்புகளோடு உழைத்தவள் என்பதால், இந்த வேலைக்குத் தென்னாப்பிரிக்காவில் எவ்வளவு தேவை இருக்கிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் நீ சொன்னவற்றில் ஒன்று மட்டும் என் மனத்தை உறுத்துகிறது. தொலைபேசியில் அதைச் சரியாகச் சொல்ல முடியவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலும் செஞ்சூரியனிலும் உள்ள வீட்டு ஏஜென்டுகள் சிலர் உனக்குத் தொடர்ந்து வேலை அனுப்புவதாகவும், அதற்கு ஈடாக ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு தொகையை எதிர்பார்ப்பதாகவும் சொன்னாய். அந்தத் தொகையைத் தயவுசெய்து கொடுக்காதே. ஏஜென்டுகளைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அவர்களில் நேர்மையானவர்களோடு நான் நெடுங்காலம் வேலை செய்திருக்கிறேன். ஆனால் வீடு கைமாறினால்தான் அவர்களுக்குக் கமிஷன். உன் அறிக்கையைப் படித்து வாங்குபவர் பின்வாங்கினால் அவர்களுக்கு ஒன்றுமில்லை. அடுத்த மாத வேலையும் அதே கையிலிருந்துதான் வரவேண்டும் என்ற நிலையில், அடித்தளத்திலிருந்து மேலேறும் விரிசலை "சிறு விரிசல்" என்று எழுத உன் பேனா தானாகவே பழகிவிடும். யாரும் உன்னை வற்புறுத்த வேண்டியதே இல்லை. உனக்குப் பணம் தருபவர் வீட்டை வாங்குபவர். அறிக்கை அவருக்கு மட்டுமே சொந்தம். அவருடைய சம்மதம் இல்லாமல் ஒரு பக்கம்கூட ஏஜென்டுக்கோ விற்பவருக்கோ போகக் கூடாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணமான கோப்பு ஒன்று உண்டு. இங்கே டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் வீடு வாங்கிய ஓர் இளம் தம்பதியர். பின்பக்க வராண்டாவை அடைத்து அறையாக்கி, மேலே தகரம் போட்டு, உள்ளே புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். பெயர்மாற்றம் முடிந்த பிறகு வந்த முதல் பெருமழையில், பழைய சுவரும் புதிய கூரையும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கியது. சரிசெய்ய வந்தவர் வரைபடத்தைக் கேட்டபோதுதான் அந்த அறைக்கு நகராட்சி அனுமதியே இல்லை என்பதும் தெரியவந்தது. அந்தப் பெண் புகைப்படத்தை என் மேசையில் வைத்து, "அக்கா, இந்த ஒரு மூலையில் மட்டும் பெயிண்ட் புதிதாக இருக்கிறது பாருங்கள், அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது, எங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை" என்றாள்.

சட்டம் அவர்களுக்கு எவ்வளவு குறைவாக உதவியது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வீடுகளின் விற்பனை ஒப்பந்தத்தில் ஏறக்குறைய எப்போதும் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' பிரிவு இருக்கும். வீடு இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகிறது, மறைந்திருக்கும் குறைகளுக்கு விற்பவர் பொறுப்பல்ல என்பது அதன் பொருள். விற்பவர் குறையை அறிந்திருந்தும் ஏமாற்றும் நோக்கத்தோடு மறைத்தார் என்று வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டும். 1977-ஆம் ஆண்டின் கட்டடச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் இல்லாமல் கட்டுவதே குற்றம். ஆனாலும் அனுமதியில்லாத கட்டுமானமும் ஃபூட்ஸ்டூட்ஸ் பிரிவுக்குள் அடங்கும் குறையே என்று 2008-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உதவாதா என்று நீ கேட்கலாம். வீடு விற்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் வாங்கினால் அது உதவும். குடியிருந்த வீட்டை விற்கும் சாதாரணக் குடும்பத்திடம் வாங்கினால் உதவாது.

2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சொத்து முகவர் சட்டம் நிலைமையை ஓரளவு மாற்றியிருக்கிறது. விற்பவர் தமக்குத் தெரிந்த குறைகளை எழுதிக் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் ஏஜென்ட் வீட்டை விற்க ஏற்றுக்கொள்ளக் கூடாது. அந்தப் படிவம் ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட வேண்டும். வாங்குபவர் தம் செலவில் வீட்டைப் பரிசோதிக்க இச்சட்டம் தடையல்ல என்பதையும் அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உன் தொழில் நிற்கும் இடம் அந்த வரிதான். ஏனென்றால் விற்பவர் தமக்குத் தெரிந்ததை மட்டுமே எழுத முடியும். கூரைக்குள் ஒருநாளும் ஏறிப் பார்க்காத ஒருவர் "கூரையில் குறையில்லை" என்று உண்மையாகவே நம்பி எழுதிவிடுவார்.

அடுத்து, எப்போது பரிசோதிப்பது என்ற கேள்வி. இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. நம் மக்கள் ஒரு வீட்டைப் பார்த்துப் பிடித்துவிட்டால், வேறு யாரும் முந்திவிடுவார்களோ என்ற அவசரத்தில் அன்று மாலையே கையெழுத்திட்டுவிடுகிறார்கள். இரு தரப்பும் கையெழுத்திட்டபின் அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஐந்து நாட்களுக்குள் மனம் மாறிப் பின்வாங்கும் உரிமை 2,50,000 ராண்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு மட்டுமே உண்டு. இன்றைக்கு அந்த விலைக்கு லெனேசியாவில் என்ன வீடு கிடைக்கும்? ஆகவே வாங்கும் விருப்பத்தை எழுதிக் கொடுக்கும் தாளிலேயே, "இத்தனை நாட்களுக்குள் செய்யப்படும் பரிசோதனை எனக்குத் திருப்தியளித்தால் மட்டுமே இந்த ஒப்பந்தம் நிலைபெறும்" என்ற நிபந்தனையைச் சேர்க்கச் சொல். அந்த வாசகத்தை வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்துச் சரியாக எழுதி வாங்கி, உன்னை அழைத்து விசாரிக்கும் ஒவ்வொருவருக்கும் இலவசமாகக் கொடு. கையெழுத்திட்ட பிறகு அழைப்பவரிடம், என் அறிக்கை உங்களுக்குச் செலவுக் கணக்கைச் சொல்லுமே தவிர, வெளியே வரும் வழியைக் கொடுக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடு. அவர் போய்விட்டாலும் பரவாயில்லை.

"எல்லாச் சான்றிதழும் இருக்கிறதே, பிறகு எதற்குப் பரிசோதனை?" என்று கேட்பார்கள். அதற்கும் நீ பதில் வைத்திருக்க வேண்டும். மின்சாரச் சான்றிதழ் நிலையான மின் அமைப்பை மட்டும் பார்க்கிறது. பெயர்மாற்றத்துக்கு அது இரண்டு ஆண்டுகள் செல்லும் என்பதால், இடையில் யாரோ மாட்டிய இன்வர்ட்டரும் சோலார் தகடுகளும் அதில் இல்லாமலேகூட இருக்கலாம். எரிவாயுவுக்கும் மின்வேலிக்கும் தனித்தனிச் சான்றிதழ்கள் உண்டு. நம் கடற்கரைப் பக்கத்தில் மரம் துளைக்கும் வண்டுக்கும் சான்றிதழ் கேட்பார்கள். அது சட்டமல்ல, வழக்கம். இவற்றில் எதுவும் கூரையையோ, ஈரத்தையோ, அடித்தளத்தையோ, மழைநீர் எங்கே போகிறது என்பதையோ பார்ப்பதில்லை.

நீ வளர்ந்த ஊரின் குறைகள் உனக்கு மனப்பாடம். 1960களில் நிறவெறி அரசு நம் குடும்பங்களை ஊர் ஊராகப் பெயர்த்துக் கொண்டுவந்து குடியேற்றிய சாட்ஸ்வொர்த்தில், பல வீடுகளின் கூரை இன்றும் ஆஸ்பெஸ்டாஸ்தான். 2008-இல் அதன் பயன்பாட்டைத் தடைசெய்த பிறகும் பழைய கூரைகள் அப்படியே இருக்கின்றன. அதன் மீது ஏறாதே. உடைந்து உள்ளே விழுந்துவிடுவாய், தூளும் நுரையீரலுக்கு எமன். மலைச்சரிவை வெட்டி மண் நிரப்பிக் கட்டிய வீடுகளின் பின்புறத் தாங்குசுவர்களில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் என்ன ஆகும் என்பதை 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கண்ணாரப் பார்த்தோம். அந்தச் சில நாட்களில் இந்த மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆனால் நீ தொழில் செய்யப் போவது ஜோஹானஸ்பர்க் பக்கம். செஞ்சூரியனிலும் லெனேசியாவின் சில பகுதிகளிலும் நிலத்தடியில் டோலமைட் பாறை இருக்கிறது. மழைநீர் காலம் காலமாக அதைக் கரைத்துக் குடைந்து வைத்திருப்பதால், மேலிருந்து தண்ணீர் தொடர்ந்து இறங்கினால் மண் அந்தக் குடைவுக்குள் அரித்துப் போய், ஒருநாள் தரையே உள்வாங்கிவிடும். 1962 டிசம்பரில் வெஸ்ட் டிரீஃபான்டைன் தங்கச் சுரங்கத்தில் ஒரு கட்டடமே இப்படிப் புதைந்து 29 பேர் இறந்தார்கள். அங்கே நிலத்தடி நீரை இறைத்தது காரணம். குடியிருப்புகளில் பெரும்பாலும் கசியும் குழாயும் தேங்கும் மழைநீருமே காரணம். டர்பனில் தோட்டத்துக் குழாய்க் கசிவு என்றால் தண்ணீர்க் கட்டணம் கூடும், அவ்வளவுதான் என்று எழுதலாம். அங்கே அதை முதல் பக்கத்தில் எழுத வேண்டும். அது மட்டுமல்ல, ஜோஹானஸ்பர்க் பக்கம் குளிர்காலத்தில் மழையே இராது. ஜூலையில் நீ பார்க்கும் வீடு உலர்ந்துதான் இருக்கும். ஈரமானி எதையும் காட்டாது. சீலிங் போர்டில் தேயிலைச் சாய நிறத்தில் ஒரு வளையமோ, ஆணித் தலையில் துருவோ இருக்கிறதா என்று டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார். ஆலங்கட்டி மழையில் கீறிய ஓடுகளையும் உள்ளிருந்தே தேடு, வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

அறிக்கையில் பார்த்ததை மட்டும் எழுதினால் போதாது. பார்க்க முடியாததையும் ஏன் முடியவில்லை என்பதோடு எழுது: "பெரிய அலமாரி இருந்ததால் வடக்குச் சுவரின் கீழ்ப்பகுதியைப் பார்க்க இயலவில்லை." விரிசலின் அகலம், அது எந்தத் திசையில் போகிறது, கீஸரின் வால்வும் அடித்தட்டும் எப்படி இருக்கின்றன என்று அளந்து எழுது. விரிசலின் காரணத்தைத் தீர்மானிப்பது பதிவு பெற்ற பொறியாளரின் வேலை. நீ பொறியாளர் அல்ல என்பதை ஒவ்வொரு அறிக்கையிலும் சொல். பிறர் குடியிருக்கும் வீட்டுக்குள் நீ கேமராவோடு நுழைகிறாய் என்பதையும் மறவாதே. சுவரைப் படமெடுக்கும்போது அவர்கள் பிள்ளைகளின் படங்கள் அதில் விழக் கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சாமி அறைக்குள் போக வேண்டியிருந்தால் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போ.

அலுவலக விஷயங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அவை உனக்குத் தெரியும். இந்த நாட்டில் வீட்டுப் பரிசோதகருக்கென்று சட்டப்படியான உரிமம் இல்லை. யார் வேண்டுமானாலும் கார்டு அடித்துக்கொள்ளலாம் என்பதால்தான் உன் பயிற்சியையும் அனுபவத்தையும் நீயே எழுத்தில் காட்ட வேண்டியிருக்கிறது. தனிப்பெயரில் தொடங்காமல் நிறுவனமாகப் பதிவு செய். தொழிலின் கடனுக்கு உன் வீடு பணயமாகக் கூடாது. தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு கையில் வரும்வரை ஒரு வீட்டுக்குள்ளும் கால் வைக்காதே. அந்தக் காப்பீடு பொதுவாகக் கோரிக்கை வரும் ஆண்டில் நடப்பில் இருந்தால்தான் பணம் தரும் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே தொழிலை மூடினாலும் சில ஆண்டுகள் அதைத் தொடர வேண்டியிருக்கும். டிரோன் வாங்கும் ஆசையைத் தள்ளிவை. வணிகத்துக்கு அதைப் பறக்கவிட விமானத் துறையின் அனுமதி வேண்டும். நீண்ட கம்பில் கட்டிய கேமரா போதும்.

பழுது பார்க்கும் வேலையையும் சேர்த்துச் செய்தால் வருமானம் கூடும் என்று அண்ணன் சொன்னானாம். வேண்டாம். நீ கண்டுபிடிக்கும் குறையால் நீயே லாபமடைந்தால், அந்தக் குறையை யார் நம்புவார்கள்? வருமானம் கூட வேண்டுமானால் புதிய வீடுகளைப் பார். கட்டுநர் பதிவுக் குழுவில் பதிவான புதிய வீட்டுக்குக் கட்டுமானக் குறைகளுக்கு மூன்று மாதம், கூரைக் கசிவுக்கு ஓராண்டு, பெரிய அமைப்புக் குறைகளுக்கு ஐந்தாண்டு என்று கட்டியவரின் பொறுப்பு இருக்கிறது. பதினோராம் மாதத்தில் ஒரு மழைக்குப் பிறகு கூரையைப் பரிசோதித்துக் கட்டுநருக்கு எழுத்தில் அனுப்ப உதவினால், அந்தக் குடும்பம் உன்னைப் பற்றிப் பத்துப் பேரிடம் சொல்லும். லெனேசியா கோயில்களிலும் தமிழ்ச் சங்கத்திலும் ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் பேச இடம் கேள். வாங்குவோர் நேராக உன்னிடம் வருவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வீடு போதும். அவசரமாகப் பார்த்த இரண்டாவது வீட்டில்தான் எதையாவது விடுவாய்.

வாடிக்கையாளரோடு செய்யும் ஒப்பந்தத்தின் வரைவை இந்த வாரமே எனக்கு அனுப்பு. பொறுப்பின் வரம்பு, விலக்குகள், அறிக்கையை யார் பயன்படுத்தலாம் என்ற மூன்று பிரிவுகளையும் நான் வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன். இறுதியில் வழக்கறிஞர் ஒருவரும் பார்க்கட்டும். முதல் ஆறு மாதம் ஏஜென்டுகளின் வேலை இல்லாமல் வருமானம் குறைந்தால், அதற்காக அப்பாவும் நானும் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். கேட்கத் தயங்காதே. அந்த ஏஜென்டுகளுக்கு மட்டும் இன்றைக்கே பதில் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா