செவலைக்குக் கைகொடுத்த எங்கள் தெருக்காரர்களுக்கு

எங்கள் தெரு நாய் செவலை பிழைத்துவிட்டாள். இன்று காலை சாப்பிட்டு முடித்து, ஆறு குட்டிகளையும் மடியில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். போன வாரம், பால் கொடுக்கும்போது உடம்பில் கால்சியம் குறைந்து அவள் பட்ட பாட்டை நீங்கள் எல்லோரும் கூடவே இருந்து பார்த்தீர்கள், அதைத் திரும்பச் சொல்ல எனக்கு மனசில்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி எங்கள் தெருவில் குப்பை எடுக்க வரும் அக்காவுக்கு. குட்டி போட்ட அன்று விடிகாலையில் அவர் வந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. இரண்டு குட்டி வெளியே வந்தாகிவிட்டது, அடுத்தது வரவில்லை, செவலை துவண்டு கிடந்தாள். கோழிச்சோறு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தண்ணீர்க் கிண்ணத்தையும் தொடவில்லை. அக்கா பேட்டரி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கையுறையைக் கழற்றி, பார்க்கிங் குழாயில் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவினார். அப்புறம் தன்னுடைய டிபன் டப்பாவைத் திறந்து, ஊறுகாய் படாத பக்கத்திலிருந்து கொஞ்சம் தயிர்சாதம் எடுத்து, தண்ணீர் விட்டுக் கஞ்சி மாதிரி கரைத்து, உள்ளங்கையில் ஏந்தி நீட்டினார். "பிள்ளை பெறும்போது யாருக்குச் சோறு இறங்கும் தம்பி, தொண்டை நனைஞ்சாப் போதும்" என்றார். செவலை முதலில் விரலை நக்கினாள், பிறகு கையை. வயிறு இறுகும்போது அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார், தளர்ந்ததும் மறுபடி நீட்டுவார், அவசரமே இல்லை. மூன்றாவது குட்டி வரும்வரை அங்கேயே குந்தி உட்கார்ந்திருந்தார். அந்தச் சாதம் அவருடைய காலைச் சாப்பாடு என்பது அவர் கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

பிறகு மருத்துவரும் அதையேதான் சொன்னார். பிரசவ வலியில் நாய் சாப்பிடாமல் இருப்பது சகஜம், நடுநடுவே கொஞ்சம் நீராகாரம் போதும், சாப்பாடு கொடுக்க வேண்டியதெல்லாம் குட்டி போட்ட பிறகுதான். பால் அதிகமாகச் சுரக்கும் மூன்றாவது, நான்காவது வாரத்தில் தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு வேண்டுமாம். அதை ஒரே வேளையில் தின்ன முடியாது என்பதால் பிரித்துப் பிரித்து வைக்க வேண்டும்.

அந்தச் சாப்பாட்டைப் போட்டது நீங்கள் எல்லோரும்தான். எலும்பில்லாமல் ஈரலும் கறியும் எடுத்து வைத்த கோழிக்கடை பாய், முட்டை அவித்துக் கொடுத்த மாடி வீட்டம்மா, கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிய பாட்டி, பால் கொடுக்கும் தாய்க்குக் குட்டிகளுக்கான உணவே நல்லது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்கி வந்த கல்லூரிப் பிள்ளைகள், வேப்பேரி கால்நடை மருத்துவமனை வரை ஓட்டிப்போய் வாடகை வாங்க மறுத்த ஆட்டோ அண்ணன், அவள் இல்லாத நேரத்தில் குட்டிகளுக்குப் புட்டியில் பால் புகட்டியவர்கள், எல்லோருக்கும் நன்றி. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே கால்சியத்தை மெதுமெதுவாக நரம்பில் ஏற்றிய டாக்டரம்மாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

அவர் சொன்ன இரண்டு விஷயங்களை நாய் வளர்க்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பால் கொடுக்கும் நாய் மூச்சிரைத்து, கால் விறைத்து, நடுங்க ஆரம்பித்தால் அது கால்சியம் குறைவதன் அறிகுறி, பசி மயக்கமோ குளிரோ என்று நினைத்து வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அதேபோல, சினையாக இருக்கும்போது டாக்டரைக் கேட்காமல் கால்சியம் மாத்திரை கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து கிடைத்துக்கொண்டே இருந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் வேலையை உடம்பு மந்தமாக்கிவிடும், பால் சுரக்கும்போது தேவை திடீரென்று கூடினால் ஈடுகொடுக்க முடியாமல் போகும்.

அக்கா கை கழுவிய குழாயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதுவும் பக்கத்தில் இருக்கும் கழிப்பறையும் இனிமேல் தெருவில் வேலை செய்பவர்களுக்குப் பூட்டாமல் திறந்தே இருக்கும், வாசலில் ஒரு கேன் குடிதண்ணீரும் வைக்கிறோம், இதை என் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறேன். குட்டிகள் பால்குடி மறந்ததும் செவலைக்குக் கருத்தடை செய்துவிடுவோம், இன்னொரு தடவை அவள் இப்படிக் கஷ்டப்படக் கூடாது. இரண்டு குட்டிகளுக்கு வீடு கிடைத்துவிட்டது. மற்ற நாலும் எட்டு வாரம் தாயோடு இருக்கட்டும், அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.